கள், பீர், கருப்பட்டி: கடைவாசல் யார் கையில்?

பெங்களூரில் ஒரு சிறு பீர் ஆலையில் காய்ச்சுகிற வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம், அப்பா வழியில் எல்லாரும் பனையேறிகள். கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகள் தாங்களே காய்ச்சி விற்கிற பீர்), கள், சின்ன வியாபாரம், பெரிய முதலாளி என்று எதைப் பற்றியும் கேளுங்கள் என நம்ம கடற்கரை ஆட்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: அண்ணே, டாஸ்மாக் பீருக்கும் கிராஃப்ட் பீருக்கும் ருசி மட்டும்தான் வித்தியாசமா?

ருசி இரண்டாம்பட்சம், தம்பி. பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர் என அடிப்படைச் சரக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். பெரிய ஆலைகள் செலவைக் குறைக்க அரிசியோ சர்க்கரையோ சேர்ப்பதுண்டு. முக்கியமான வேறுபாடு, ஆலை யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது. அமெரிக்கச் சிறு ஆலைகளின் சங்கம் இரண்டு விதி வைத்திருக்கிறது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்குள் இருக்க வேண்டும், வேறு மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். முதல் விதி எனக்கு உடன்பாடில்லை. ஒரு பீப்பாய் ஏறக்குறைய 117 லிட்டர், அந்தக் கணக்கில் 60 லட்சம் பீப்பாய் சிறு தொழிலே அல்ல. இரண்டாவது விதியில்தான் உயிர் இருக்கிறது.

முதுகுளத்தூர்: அமெரிக்காவில் இவ்வளவு சின்ன ஆலைகள் வந்ததற்குக் காரணம் திறமையா, முதலீடா?

இரண்டுக்கும் முன்னால் சட்டம். 1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமாகவே இருந்தது. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் போட்ட கையெழுத்துதான் அதை மாற்றியது. பிறகு, காய்ச்சுகிற இடத்திலேயே விற்கலாம் என்று ஒவ்வொரு மாநிலமாக அனுமதித்தது. கலிபோர்னியா 1982இல். எழுபதுகளின் கடைசியில் நாடு முழுக்க நூறுக்கும் குறைவாக இருந்த ஆலைகள் இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். காய்ச்சத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். செய்தவனே தன் வாசலில் விற்கலாம் என்றானதும் அவர்களுக்குப் பிழைக்க வழி கிடைத்தது.

சாயல்குடி, பனையேறி: தம்பி, கம்பெனி பீரை அரசாங்கமே விக்கிது. நான் ஏறி இறக்குன கள்ளை வித்தா கேஸ். இது எந்த ஊர் நியாயம்?

அண்ணாச்சி, நியாயம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். நீங்கள் பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் நெருக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறீர்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் விடிகாலையில் பதநீர். தடவாவிட்டால் பாளையிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் சொட்டு விழும்போதே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள், அன்று சாயங்காலம் நல்ல கடுப்பு, மறுநாள் காடி. இதே வேலையைச் செய்ய நான் ஆலையில் ஈஸ்டை விலைக்கு வாங்குகிறேன், குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நாள்கணக்கில் காத்திருக்கிறேன். ஆல்கஹால் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், நாலைந்து சதவீதம்.

மூன்று ஆண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். 1983இல் டாஸ்மாக் வந்து மொத்த விற்பனை அதன் கைக்குப் போனது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கிடம். இப்போது தமிழ்நாட்டில் மது விற்க ஒரே வாசல், அதற்குள் நுழையப் பெரிய ஆலை வேண்டும். சில ஆலைகளின் வாயிலில் ஆள் போட்டால் வரியை எண்ணிவிடலாம். ஒவ்வொரு பனையடியிலும் ஆள் போட முடியாது. கலப்படம்தான் காரணம் என்பார்கள். கலப்படம் உண்மை, அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன். ஆனால் சீசா மதுவைக் கட்டுப்படுத்தி விற்கத் தெரிந்த அரசுக்குக் கள்ளைக் கட்டுப்படுத்தத் தெரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஏர்வாடி, ஒரு அக்கா: குடியால எங்க குடும்பம் பட்டது போதும் தம்பி. இன்னொரு கடையையும் திறக்கச் சொல்றீங்களா?

இல்லை அக்கா. கள் வந்தால் குடி குறையும் என்று சிலர் சொல்வதை நான் சொல்லப் போவதில்லை. குடித்து வருகிறவர் கள் குடித்தால் என்ன, பிராந்தி குடித்தால் என்ன, அடி ஒன்றுதான். அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. ஒரு அரசு அதை மனதார எல்லா மதுவுக்கும் நடைமுறைப்படுத்தினால், என் வேலை போனாலும் நான் எதிர்க்க மாட்டேன். பனையேறிக்கு மட்டும் மதுவிலக்கு என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

திறப்பதானாலும் கேரளம் போலக் குத்தகைக்கு விட்டுத் திறக்கக் கூடாது. அங்கே கடைகளைக் காண்ட்ராக்டர் எடுக்கிறார். பாலக்காட்டுச் சித்தூரில் இறக்குகிற கள் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. மரம் தருவதைவிடக் கடையில் விற்பது கூடுதல் என்றால் நடுவில் யாரோ எதையோ கலந்திருக்கிறார். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம் போன்ற தூக்க மருந்துகள் கலந்த கள் எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. ஏறியவரே, அந்த மரத்தடியிலேயே, அன்றைக்கு இறங்கியதை மட்டும் விற்கலாம் என்றால் கலப்படத்தின் பெரும் லாபமே போய்விடும். உங்கள் கிராம சபை வேண்டாம் என்றால் அந்த ஊரில் அதுவும் கூடாது. கேரளத்திடம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு: 1969இலேயே கள் தொழிலாளருக்கு நலநிதிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

கீழக்கரை, வியாபாரி: நம்ம மார்க்கத்தில் மது ஹராம், தம்பி. கருப்பட்டி வாங்கி விற்கிறேன். இந்தப் பேச்சில் எனக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது, பாய். பத்து லிட்டர் பதநீரைச் சீமைக்கருவேல விறகில் காய்ச்சி இறக்கினால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ கருப்பட்டி. அவ்வளவு உழைப்பும் பல இடங்களில் சீசனுக்கு முன்பே முன்பணத்துக்கு ஈடாகப் போய்விடுகிறது. கடன் கொடுத்தவரே விலையும் சொல்கிறார். சந்தையிலோ சீனிப்பாகு கலந்த உருண்டை மலிவாகக் கிடைக்கிறது, நல்ல கருப்பட்டி அதோடு விலையில் மோதித் தோற்கிறது. மண்டபம் பக்கம் பெண்கள் வளர்த்த கடற்பாசியும் இப்படித்தான். 2000களில் பெப்சி வாங்கியது, பிறகு அந்தத் தொழிலை வேறு கம்பெனிக்குக் கைமாற்றியது. வளர்த்தவர்களைக் கேட்டா மாற்றினார்கள்? உங்களைப் போன்ற வியாபாரி, இன்ன ஊரில் இன்ன பனையேறியின் சரக்கு என்று சொல்லி விற்றால் அதற்கு மதிப்பு கூடும். கிராஃப்ட் பீர்க்காரர்களின் வியாபார நுட்பத்தில் எனக்கு முழுக்கப் பிடித்தது இதுதான்.

தங்கச்சிமடம்: டூரிஸ்ட் கூட்டம் நிறைய வருது. இங்க ஒரு மைக்ரோ ப்ரூவரி வெச்சா ஓடுமா?

வேண்டாம். பெங்களூரிலும் புதுச்சேரியிலும் இருக்கிற உரிமம் இங்கே இல்லை. இருந்தாலும் பார்லி வடக்கிலிருந்து வர வேண்டும், ஹாப்ஸ் வெளிநாட்டிலிருந்து. ஒரு லிட்டர் பீருக்குப் பெரிய ஆலையிலேயே மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் போகும். காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

தொண்டி: சின்ன ஆலை பேர் வாங்கினதும் பெரிய கம்பெனி வாங்கிடுதே. அப்போ இதெல்லாம் வீண்தானே?

வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்கிற நோய் நிஜம். சிகாகோவின் கூஸ் ஐலண்டை 2011இல் ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் என்ற பெரிய பீர் கம்பெனி வாங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் 1896இலிருந்து இருந்த ஆலை. 2017இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது, 2019இல் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள், 2023இல் ஆலையை மூடிவிட்டார்கள். எனக்கு மிகவும் வலித்தது அமெரிக்காவின் நியூ பெல்ஜியம் ஆலை. அது முழுக்கப் பணியாளர்களுக்கே சொந்தமான ஆலை. 2019இல் அவர்களே ஓட்டுப் போட்டு ஜப்பானின் கிரின் குழுமத்துக்கு விற்றார்கள். பலருக்கு நல்ல தொகை கிடைத்தது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்து வேலைக்கு வருகிறவருக்கு அங்கே பங்கு இல்லை. விற்க முடிகிற பங்கு என்றால் ஒருநாள் விற்கப்படும்.

நம் நாட்டில் பீர் விற்கிற பெரிய கம்பெனிகளும் போட்டி போட்டு விலை வைக்கவில்லை. 2009 முதல் 2018 வரை பல மாநிலங்களில் தங்களுக்குள் பேசிவைத்து விலை கேட்டார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் கண்டறிந்தது. யுனைடெட் ப்ரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் உள்ளிட்டோருக்கு 873 கோடி ரூபாய் அபராதம். சுதந்திரச் சந்தை என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த உத்தரவுதான் நினைவுக்கு வரும்.

நரிப்பையூர்: நாங்க பத்துப் பனையேறிக் குடும்பம் சேர்ந்து கருப்பட்டி விக்கலாம்னு இருக்கோம். எப்படி ஆரம்பிக்கிறது?

உற்பத்தியாளர் நிறுவனமாக, அதாவது உற்பத்தி செய்கிறவர்களே உறுப்பினராக இருக்கிற கம்பெனியாகப் பதிவு செய்யுங்கள். குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது, தொழிலில் இருக்கிற இன்னொரு உறுப்பினருக்கு முகமதிப்பில்தான் மாற்றலாம். நியூ பெல்ஜியத்தில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க இந்த விதி ஒன்றே பெரிய காவல். முதல் சீசனில் கட்டடம், இயந்திரம் என்று போகாதீர்கள். பணத்தை முன்பணக் கடனை அடைக்க மட்டும் வையுங்கள். கடன்காரர் கையிலிருந்து சரக்கு உங்கள் கைக்கு வந்தால்தான் விலை சொல்ல முடியும். பதிவுக்கு முன் பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஏறுகிறவர் பெயரை மட்டும் எழுதி, விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசையில்) தாச்சிச் சட்டி முன்னால் புகையில் நின்று காய்ச்சுகிறவரை விட்டுவிடுகிற தவறு நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. பத்திரம் எழுதும் முன் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.