மலையேற்றக் கம்பெனியை மறுபடி திறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில், பிப்ரவரி 2022

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் மலையேற்றம், சுற்றுலா நடத்தும் சின்ன நிறுவனம் வைத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் மூடியது. நடுவில் திறந்து, இரண்டாவது அலையில் திரும்ப மூடினேன். தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கும் ஞாயிறு ஊரடங்கும் போய்விட்டதால் இந்த மாதமே ஜவ்வாது மலைக்கு ஒரு குழுவைக் கூட்டிப் போகலாம் என்று பார்க்கிறேன். பழைய முன்பணம் சிலருடையது என்னிடம் நிற்கிறது. புது வசூலில் அதையும் அடைத்துவிடலாம் இல்லையா?

பதில்: முன்பணத்தில் இருந்தே தொடங்குங்கள். புது ஆட்களிடம் வாங்கிப் பழைய ஆட்களுக்குக் கொடுப்பது வேண்டாம், அடுத்த அலை வந்து மறுபடி மூடினால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். பணம் கட்டியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு செய்தி தட்டிவிட்டால் போதாது. பணமா, வேறு தேதியா என்று கேளுங்கள், பணம்தான் வேண்டும் என்றால் மொத்தமாக முடியாவிட்டாலும் எந்தத் தேதியில் எவ்வளவு என்று சொல்லி அதன்படி அனுப்புங்கள். சில வீடுகளில் பணம் கட்டியவரே இப்போது இல்லாமல் இருக்கலாம். வீட்டார் போனை எடுத்தால் பயணப் பேச்சே எடுக்காதீர்கள், கணக்கு எண் வாங்கி அன்றைக்கே முழுத் தொகையையும் அனுப்பிவிடுங்கள். கடன் வாங்கியாவது இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் உங்கள் தொழிலில் ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் வருகிறார்.

ஜவ்வாது இந்த மாதம் வேண்டாம். பிப்ரவரி பாதி தாண்டினால் புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும், 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்துவிட்டன, வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் ஒரு ஆளைக்கூட மலை ஏற்றக் கூடாது.

அதற்குள் பொருட்களைப் பாருங்கள். நம் கடற்காற்றில் இத்தனை நாள் மடித்துக் கிடந்த கூடாரத்தைப் பிரித்தால் உள்பக்கப் பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், புளித்த வாடை வரும். அப்படி இருந்தால் அது இனி மழை தாங்காது, தூக்கிப் போடுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் ஷூக்களை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள், மேலே புதுசு போலப் பளபளக்கும், அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும். டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்திருக்கும். மருந்துப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். முதல் களிம்பு வரை தேதி பாருங்கள். எத்தனை வருடக் கயிறு என்று தெரியாவிட்டால் அதில் ஆளைத் தொங்கவிடாதீர்கள். வேன் வைத்திருந்தால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா, டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) போன்றவற்றுக்குக் கொரோனாவுக்காக மத்திய அரசு கொடுத்த நீட்டிப்பு 2021 அக்டோபர் 31-உடன் முடிந்துவிட்டது, இன்சூரன்ஸையும் கையோடு பாருங்கள். ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் பதிவே ரத்தாகியிருக்கலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சரி, வருமானம்? ஒரு நாள் பயணங்கள் இருக்கின்றனவே. செஞ்சிக்கு அதிகாலையில் கிளம்பினால் வாசல் திறந்ததும் ராஜகிரிக் கோட்டை ஏறிவிடலாம், உச்சி வெயிலுக்குள் ஆட்கள் இறங்கியும் விடுவார்கள். திருவக்கரையில் கல்மரப் பூங்கா, கூடவே வக்கிரகாளியம்மன் கோயில். பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் மண்ணுக்கு மேலே அதிகம் மிஞ்சவில்லை, ஆனால் ரோம வணிகத்தையும் 1945-இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வையும் சொல்லத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் ஒரு காலை முழுக்கப் போகும். ஆட்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்காதீர்கள்.

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன், மலையேற்றக் குழுக்களுக்கு வழிகாட்டி. போன மே மாதம் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது மாடிப்படி ஏறினாலே படபடப்பு. முதலாளி வேலைக்குக் கூப்பிடுகிறார், சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்று பயம்.

பதில்: தம்பி, இத்தனை மாதம் கழித்தும் படபடக்கிறது என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள், இதயத்தையும் நுரையீரலையும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு, சில்வர் பீச் பக்கம் சமதளத்தில் சுமை இல்லாமல் மெல்ல நடக்கத் தொடங்கலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். முதலாளியிடம் மறைக்க வேண்டாம். பாதி மலையில் வழிகாட்டி உட்கார்ந்துவிட்டால் கூட வந்த அத்தனை பேருக்கும் ஆபத்து. இப்போதைக்கு முன்பதிவு, வண்டி ஏற்பாடு, சமவெளிப் பயணம் என்று கேளுங்கள். உங்கள் அனுபவம் தெரிந்த முதலாளி அதற்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். அப்புறம், வழிகாட்டிகளுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: நெல்லிக்குப்பம். எட்டு வயதுப் பையனுக்கு இன்னும் கொரோனா தடுப்பூசி இல்லை. பிச்சாவரம் கூட்டிப் போகலாமா?

பதில்: போங்கள், திறந்தவெளிதான். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, காலையிலேயே போய், உங்கள் குடும்பத்துக்கு மட்டும் துடுப்புப் படகு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சுரபுன்னைகளுக்கு நடுவே குறுகலான வாய்க்காலுக்குள் அதுதான் போகும். லைஃப் ஜாக்கெட் பையன் அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள். கிளைகளைப் பிடித்து ஒடிக்க விடாதீர்கள், அங்கே தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு.