கிரானைட் சகதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் சின்னதாக ஒரு கிரானைட் கட்டிங், பாலிஷிங் பட்டறை நடத்துகிறேன். மெஷினிலிருந்து வரும் சகதியை இதுவரை ஏரிக்கரைப் புறம்போக்கில் கொட்டிவந்தோம். இப்போது ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்தும் நோட்டீஸ் வந்திருக்கிறது. வெறும் கல் தூள்தானே சார், இதில் என்ன விஷம்? கைக்கு அடக்கமான செலவில் என்ன வழி?

பதில்: ஊர்க்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிரானைட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் சிலிக்கா. கல்லாக இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. உங்கள் பிளேடு அதை மாவாக அரைத்துவிடுகிறது. அந்த மாவு ஏரி மண்ணின் கண்களை அடைத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது. வெயிலில் காய்ந்து காற்றில் பறந்தால் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். சிலிகோசிஸ் (கல் தூளால் நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்) வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முதலில் பாதிக்கப்படுவது உங்கள் பட்டறைப் பையன்கள்தான்.

ஆகவே முதலில் சகதியிலிருந்து தண்ணீரைப் பிரியுங்கள். தொட்டி கட்டிவிட்டால் தானாகத் தெளிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். 1 மைக்ரான் தூளுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும்! அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது? நுண்தூளைத் திரளவைக்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு எடுத்து, இரண்டிலும் சகதித் தண்ணீரை முக்கால் அளவு நிரப்புங்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்து, அதில் 10 மில்லியை ஒரு பாட்டிலில் மட்டும் ஊற்றுங்கள். இரண்டையும் நன்றாகக் குலுக்கிவிட்டு, பிறகு சில நிமிடம் மெதுவாகச் சாய்த்து ஆட்டுங்கள். படிகாரம் போட்டதில் தூள் குருணை குருணையாகத் திரண்டு இறங்கும், மேலே தெளிவு தெரியும். மற்றது மோர் மாதிரியே நிற்கும். சரியாகத் திரளவில்லையென்றால் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பாலி எலக்ட்ரோலைட் பவுடர் (இதுவும் தூளைத் திரளவைக்கும் ரசாயனம்தான்) இன்னும் குறைந்த அளவிலேயே வேலை செய்யும், ஆனால் அதைக் கரைக்கப் பொறுமை வேண்டும்.

அளவு பிடிபட்டதும் மூன்று அறைத் தொட்டி போதும். தெளிந்த தண்ணீரை மெஷினுக்கே திருப்பி விடுங்கள். போர் தண்ணீருக்கும் டேங்கருக்கும் கொடுக்கிற காசு மிச்சமாகும், எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது. அடிச் சகதியை ஃபில்டர் பிரஸ்ஸில், அதாவது வடிதுணிகளுக்கு நடுவே அழுத்தித் தண்ணீரை எடுக்கும் மெஷினில், பிழியுங்கள். 1,000 கிலோ சகதியில் 50 கிலோ தூள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 சதவீத ஈரத்தில் பிழிந்த கட்டி (கேக் என்பார்கள்) 67 கிலோதான். தனியாக பிரஸ் வாங்க முடியாவிட்டால் பக்கத்துப் பட்டறைகளோடு கூட்டாக வாங்குங்கள்.

கேக்கைக் கூரைக்கடியில், ஈரம் போகாமல் வையுங்கள். காயவே விடாதீர்கள். அருகிலுள்ள ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) செங்கல், பேவர் பிளாக் தயாரிப்பவர்களிடம் பேசுங்கள். அவர்கள் போடும் கிரஷர் டஸ்ட்டில் (ஜல்லி உடைக்கும்போது வரும் தூள்) 10 சதவீதத்துக்குப் பதிலாக இதைச் சேர்த்து இருபது கல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நைசான தூள் தண்ணீரை அதிகம் இழுக்கும். அதனால் நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து, மறுபடி எடைபோட வேண்டும். செங்கல் என்றால் 20 சதவீதத்துக்கு மேல், பேவர் பிளாக் என்றால் 6 சதவீதத்துக்கு மேல் எடை கூடினால் அந்தக் கலவை வேண்டாம். ஸ்டீல் கிரிட் (இரும்புக் குருணை) போட்டு அறுக்கும் பழைய கேங்-சா (பல பிளேடு வரிசையாக உள்ள அறுவை மெஷின்) சகதி என்றால் துருக்கறை வரும், வெளுத்த டைல்ஸுக்கு ஆகாது.

கிரானைட் தூளில் பொட்டாஷ் இருக்கிறது, வயலில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இருப்பது உண்மை, ஆனால் பயிருக்குக் கிடைக்கும் அளவு மிகவும் சொற்பம். எபாக்சி ரெசின் பூசும் இடத்துக் கழிவையும் காலி டப்பாக்களையும் இதோடு கலக்காதீர்கள். அவை 2016 அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருபவை, வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஏரிக்கரையில் ஏற்கெனவே கிடக்கும் குவியல். வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, மழைக்கு முன் அள்ளிவிடுங்கள். அள்ளும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், ஆட்களுக்கு என்-95 மாஸ்க் கொடுங்கள், துண்டு கட்டினால் போதாது. லாரிக்குத் தார்ப்பாய் போடுங்கள். சாம்பல் படிவு முழுக்கப் போய் ஏரியின் சொந்த மண் கண்ணில் படும்வரை அள்ள வேண்டும்.