மலைக்குளிரும் ஒரு தினசரித் தாளும் – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 44 வயது. திருச்சியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகக் காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன், கல்லணை வரை போய்வருவது பழக்கம். வரும் டிசம்பரில் ஒரு சைக்கிள் குழு நடத்தும் நீலகிரிப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் இருட்டோடு கிளம்பி கோத்தகிரி, ஊட்டி, குன்னூர் வழியாக மறுபடி மேட்டுப்பாளையம். ஒரே நாள்.

ஏற்றத்துக்குக்கூட நான் பயப்படவில்லை. குளிர்தான். மார்கழியிலும் ஃபேனை நிறுத்தாத ஆள் நான். நண்பர்கள் ஆளுக்கொரு ஜாக்கெட் சொல்கிறார்கள், ஒன்று எட்டாயிரம் ரூபாய். வீட்டில் "இந்த வயசுல இது தேவையா?" என்கிறார்கள். நீங்கள் ஒரு கட்டுரையில் ஊட்டியிலிருந்து இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்ன நடந்தது? முடியாவிட்டால் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்வது அவமானமா?

ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

அந்த ஒரு வரியை விரித்து எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

உங்கள் அதே வழி, அதே மாதம். எட்டு வருடம் ஆகிறது. மேட்டுப்பாளையத்தில் ஜாக்கெட்டோடு கிளம்பினேன். முதல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றத்திலேயே உள்ளே வெந்துவிட்டேன். கோத்தகிரிக்குள் நுழையும்போது பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வியர்வை வரும். அங்கே பைகளை ஏற்றிச் செல்லும் வண்டி நின்றிருந்தது. பாரம் குறையட்டும் என்று ஜாக்கெட்டைச் சுருட்டி அதில் போட்டேன். அது நேராக மேட்டுப்பாளையத்துக்கு, பயணம் முடியும் இடத்துக்குப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. என் கையால் நானே போட்டேன்.

ஊட்டி போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஈரப் பனியனோடு இருபது நிமிடம் நின்று போட்டோ எடுத்தோம், வர்க்கி தின்றோம். அப்புறம் குன்னூர் பக்கம் இறங்க ஆரம்பித்தேன். மேகம் சாலை மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் பல் தந்தியடித்தது. நாலாவதில் சைக்கிளின் முன்சக்கரம் ஆடியது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று பார்த்தால், ஆடுவது சக்கரம் இல்லை, நான். என் தோள் நடுக்கம் ஹேண்டில்பார் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. எதிரே ஒரு பஸ். பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் விரல் கேட்கவில்லை. விரல் இருந்த இடத்தில் ஐந்து மரக்குச்சி. உள்ளங்கையால் அமுக்கி எப்படியோ நிறுத்தினேன்.

கேத்தி தாண்டி ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டீ கிளாஸைக் கையில் திணித்தார். எனக்கு அதைப் பிடிக்க வரவில்லை, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே வைத்துக் குடித்தேன். பிறகு அவர் அன்றைய தினசரியை எடுத்து, ராசிபலன் பக்கத்தை மட்டும் உருவி வைத்துக்கொண்டு, மீதியை நாலாக மடித்து என் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் செருகினார். "இப்ப போங்க, காத்து ஏறாது" என்றார். ஏறவில்லை. ஐரோப்பாவின் பழைய சைக்கிள் வீரர்களும் மலையுச்சியில் இதையேதான் செய்தார்கள், சாலையோரம் நிற்கும் ரசிகர்கள் செய்தித்தாள் நீட்டுவார்கள் என்று பிற்பாடு படித்தேன். அந்தக் கடைக்காரருக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சரி, இது ஏன் நடந்தது? ஏறும்போது நாம் ஒரு அடுப்பு. நாம் எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. வேகமோ மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். எதிர்க்காற்றும் இல்லை. அதனால் வியர்த்துக் கொட்டுகிறது. இறங்கும்போது மிதிப்பதே இல்லை, அடுப்பு அணைந்துவிட்டது. ஆனால் நாற்பது கிலோமீட்டர் வேகக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். வெப்பமானி 10 டிகிரி காட்டினால் அந்த வேகத்தில் தோலுக்கு அது 6 டிகிரி. 5 காட்டினால் பூஜ்யத்துக்கும் கீழே. இதுகூடக் காய்ந்த தோலுக்கான கணக்கு. நீங்களோ நனைந்திருக்கிறீர்கள். சைக்கிளில் மலைக்குளிர் என்பது பெரும்பாலும் இறக்கம்தான். இதை ஜாக்கெட் விற்பவர் யாரும் சொல்வதில்லை.

1988 ஜூன் 5ஆம் தேதி, இத்தாலியின் ஜிரோ என்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தில் காவியா என்ற மலைக்கணவாய். சுமார் 2620 மீட்டர், நம் தொட்டபெட்டாவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், 2637. அன்று பனிப்புயல். உச்சியை முதலில் தொட்டவர் யோஹான் வான் டெர் வெல்டெ என்ற டச்சுக்காரர், அரைக்கைச் சட்டையில். ஏறும்போது அவரை வெல்ல ஆளில்லை. இறக்கத்தில் உடம்பு நின்றுபோனது. ஒதுங்கிச் சூடேற்றிக்கொண்டு, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தித்தான் அன்றைய எல்லைக்கு வந்தார். ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்கரின் அணியினர் முன்கூட்டியே பனிச்சறுக்குச் சாமான் கடைக்குப் போய்க் கையுறையும் கம்பளியும் வாங்கி வைத்திருந்தார்கள். மொத்தப் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் சட்டை அன்று ஹாம்ப்ஸ்டனுக்கு வந்தது, கடைசியில் பந்தயமும் அவருக்கே. நான் இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, பைவண்டிக்குள் கிடந்த என் ஜாக்கெட்.

அதனால் எட்டாயிரம் வேண்டாம். காற்று புகாத மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று, சட்டையின் முதுகுப் பையில் அடங்குகிற மாதிரி. விரல் முழுவதும் மூடும் கையுறை. ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய துணி. மங்கி குல்லா வேண்டாம், அதைப் போட்டால் ஹெல்மெட் உட்காராது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பிளாஸ்டிக் பையில் சுற்றிய காய்ந்த உள்சட்டை ஒன்று. பருத்தி வேண்டாம். துணிக்கடைக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை, பருத்தி பனியன் குடித்த தண்ணீரை விடாது. ஏற்றம் முடிந்த இடத்தில், போட்டோவுக்கு முன்னால், சட்டையை மாற்றுங்கள். கூச்சப்படாதீர்கள், ஊட்டியில் உங்களை யாரும் பார்க்கப் போவதில்லை. விண்ட்சீட்டரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். நடுங்கிய பிறகு ஜிப் போட விரல் வராது.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அதிகம் போகும். பாட்டிலைப் பார்த்துக் குடியுங்கள், தாகத்தைப் பார்த்து அல்ல. கடலை மிட்டாய் போதும்.

குளிருக்குப் பழக திருச்சியில் வழியில்லை. இறக்கத்துக்குப் பழகலாம். கொல்லிமலை பக்கத்தில்தானே இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை வளைவுக்குள் போய்ப் பிடிக்காமல் அதற்கு முன்பே பிடித்து விடுவது, கையுறையோடு பிரேக்கும் கியரும் போடுவது, இதெல்லாம் அங்கே கைக்கு வந்துவிடும். உங்கள் சைக்கிளில் இருப்பது சக்கர வளையத்தையே (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால், விடாமல் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதிக்கும். இரண்டு மூன்று இடத்தில் நின்று தொட்டுப் பாருங்கள். மெதுவாகத் தொடுங்கள்.

இனி அந்த வண்டி. கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஸ்வீப் வண்டியைத்தானே சொல்கிறீர்கள்? கால் வலிக்கு அதில் ஏறுவதா வேண்டாமா என்பது உங்கள் மானப் பிரச்சினை, நான் தலையிட மாட்டேன். குளிருக்கு என்றால் வாதமே இல்லை. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம், நின்று சூடேற்றிக்கொள்ளலாம். ஈரமும் குளிரும் அப்படியே இருக்க, நடுக்கம் மட்டும் தானாக நின்று, பேச்சு குழறி, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஒருவர் சொன்னால், அவர் உள்சூடு 35 டிகிரிக்கும் கீழே வெகுதூரம் இறங்கியிருக்கலாம். அவரைக் கேட்காமல் வண்டியில் ஏற்றி, ஈரத்துணியைக் கழற்றிப் போர்த்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது நீங்களாகவும் இருக்கலாம் என்பதால், கூட ஓட்டும் ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

நான் அன்று வண்டியில் ஏறவில்லை. வீரம் எல்லாம் இல்லை, டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை வண்டிக்காரர் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார். பர்லியாறு வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. சட்டைக்குள் கைவிட்டுப் பேப்பரை உருவினேன். மை எல்லாம் நெஞ்சில் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன், தலைப்புச் செய்தி தலைகீழாகப் பாதி தெரிந்தது.

உங்கள் வீட்டில் கேட்கும் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் அதே கேள்வி எட்டு வருடமாக நிலுவையில் இருக்கிறது.

அன்புடன்.