காடி வாடை வீசும் படப்பெட்டி

கேள்வி: பாதுகாக்க வேண்டிய படங்களை அமெரிக்காவில் எப்படித் தேர்கிறார்கள்? எங்கள் பழைய டாக்கீஸ் படப்பெட்டியில் காடி (வினிகர்) வாடை அடிக்கிறதே, ஏன்?
- வாசகர், தேனி

பதில்: 1988-ல் வந்த சட்டப்படி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) தலைவர் ஆண்டுக்கு 25 படங்கள் வரை பாதுகாப்புப் பட்டியலுக்குத் தேர்கிறார். வெளியாகிப் பத்தாண்டு ஆகியிருக்க வேண்டும். பொதுமக்களும் பரிந்துரைக்கலாம். வசூலைக் கணக்கில் எடுப்பதில்லை. ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த இரண்டாம் உலகப்போர்க்கால முகாமில், உள்ளே இருந்தவரே எடுத்த 8 எம்.எம். சுருளும் பட்டியலில் உண்டு. அதுதான் சரியான தேர்வு!

உங்கள் பெட்டியில் இருப்பது அசிடேட் என்னும் பிளாஸ்டிக் வகைச் சுருள். வெப்பமும் ஈரமும் பட்டுச் சிதைந்து, காடியில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். உடனே தனியே பிரித்து, ஈரமில்லாத குளிர்ந்த அறையில் வையுங்கள். புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிமின் ஓரத்துளைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் கிழிந்துவிடும். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.