ஈபே கடைச் சந்தா கட்டலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இணையத்தில் யாரும் பொருள் விற்கக்கூடிய சந்தையான ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் தையல் மெஷின் உதிரிகளும் பழைய பட்டன்களும் விற்று வருகிறேன். கடைச் சந்தா, அதாவது அங்கே சொந்தக் கடைப் பக்கம் வைக்கக் கட்டும் பணம், இல்லாமலும் விற்றிருக்கிறேன், கட்டியும் விற்றிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. கீழே வரும் தொகை எல்லாம் அமெரிக்கத் தளங்களின் டாலர் கணக்கு. விற்ற தொகையில் ஈபே பிடித்துக்கொள்ளும் கமிஷனின் விகிதம் 2025 பிப்ரவரியில் ஏறியதற்குப் பிறகு உள்ளது. கட்டணங்கள் அடிக்கடி மாறும். கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அக்கா, 40 பொருள் போட்டிருக்கிறேன். மாதம் நாலைந்துதான் விற்கிறது. கடை திறந்தால் விற்பனை கூடுமா?

அதை நம்பிக் கட்டாதீர்கள், தம்பி. வாங்க வருகிறவர் தேடுவது பொருளைத்தான். மெஷின் மாடல் எண்ணைப் போட்டு "பாபின் கேஸ்" என்று தட்டுகிறார், வரிசையாக வரும் படங்களில் ஒன்றைத் தொடுகிறார், விலையும் ஷிப்பிங்கும் சரியாக இருந்தால் வாங்கிவிடுகிறார். என் கடையின் முகப்பு எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. கடைச் சந்தா உங்கள் செலவைக் குறைக்கும், அவ்வளவுதான். உங்களுக்குக் குறைக்க வேண்டிய செலவே இன்னும் வரவில்லை. சந்தா இல்லாதவருக்கும் மாதம் 250 லிஸ்டிங் (விற்பனைக்குப் போடும் பொருள் அறிவிப்பு) இலவசம். நீங்கள் போட்டிருப்பது 40. கடை வைக்கச் செலவிடும் நேரத்தைப் படத்திலும் தலைப்பிலும் போடுங்கள்.

280 லிஸ்டிங் இருக்கிறது. மாதம் சுமார் 1,500 டாலருக்கு விற்கிறேன். பேசிக் கடை எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மிகக் குறைந்த சந்தாவான ஸ்டார்ட்டருக்கு அடுத்த படி பேசிக். அது இரண்டு இடத்தில் மிச்சம் பிடிக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

முதலில் லிஸ்டிங். 250-க்கு மேல் போகும் ஒவ்வொன்றுக்கும் 35 சென்ட். உங்களுக்கு 30 அதிகம், ஆக 10.50 டாலர். பேசிக் கடையில் 1,000 நிலைவிலை (ஏலம் இல்லாமல் விலை குறித்துப் போடும்) லிஸ்டிங் இலவசம் என்பதால் இந்தச் செலவு போய்விடும்.

அடுத்தது கமிஷன். பெரும்பாலான பிரிவுகளில் சந்தா இல்லாதவருக்கு 13.6 சதவீதம், பேசிக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 12.7 சதவீதம். வித்தியாசம் 0.9. 1,500 டாலருக்கு 13.50 வருகிறது. ஷிப்பிங், விற்பனை வரி எல்லாம் சேர்த்து வாங்குபவர் கட்டும் மொத்தத் தொகைக்குத்தான் கமிஷன். நீங்கள் சொன்ன 1,500 வெறும் பொருள் விலை என்றால் மிச்சம் இன்னும் சற்றுக் கூடும். ஆர்டருக்கு ஆர்டர் பிடிக்கும் 30 அல்லது 40 சென்ட் மட்டும் மாறாது.

இரண்டும் சேர்ந்து 24 டாலர். வருடச் சந்தா எடுத்தால் மாதத்துக்கு 21.95, மாதாமாதம் கட்டினால் 27.95. ஆக வருடச் சந்தாவில் மயிரிழையில் லாபம், மாதச் சந்தாவில் நஷ்டம். லிஸ்டிங்கை மட்டும் பார்த்திருந்தால் வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள். கமிஷனை மட்டும் பார்த்திருந்தாலும் அப்படித்தான்.

ஆனால் இரண்டு டாலர் லாபத்துக்காக ஒரு வருடம் கட்டுப்படுவதா? நானாக இருந்தால் இன்னும் மூன்று மாதக் கணக்கைப் பார்ப்பேன். மூன்று மாதமும் மிச்சம் 24-க்குக் குறையவில்லை என்றால் எடுங்கள்.

பழைய புத்தகம் விற்கிறேன். மாதம் 3,000 டாலர் வருகிறது. கமிஷனில் நல்ல மிச்சம் இருக்கும் அல்லவா?

இல்லை, ஐயா. புத்தகம், திரைப்பட டிஸ்க், இசை சிடி ஆகியவற்றுக்குக் கமிஷன் 15.3 சதவீதம். சந்தா கட்டினாலும் அதே 15.3 தான். 0.9 வித்தியாசத்தைப் போட்டு 27 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், அது உங்களுக்குக் கிடைக்காது. உங்களுக்குப் பயன் லிஸ்டிங் எண்ணிக்கையில்தான். பேசிக் கடையில் புத்தகம் உட்பட சில பிரிவுகளுக்கு அந்த 1,000 போக மேலும் 10,000 இலவச லிஸ்டிங் தருகிறார்கள். இரண்டாயிரம் புத்தகம் ஏற்றி வைத்து, எது எப்போது போகும் என்று காத்திருக்கும் தொழில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 200 புத்தகம்தான் என்றால் அவசியமில்லை.

வருடக் கடைசி நாலு மாதம்தான் எனக்கு வியாபாரம். வருடச் சந்தா மலிவு என்கிறார்களே?

உங்களுக்கு மலிவு இல்லை. பேசிக் கடைக்கு வருடம் முழுதும் 263.40 ஆகும். நாலு மாதம் மட்டும் 27.95 கட்டினால் 111.80. பத்து மாதமாவது தேவைப்படுகிறவருக்குத்தான் வருடச் சந்தா மிச்சம். நடுவில் நிறுத்தினால் முன்கூட்டி முடித்ததற்குத் தனிக் கட்டணம் வேறு உண்டு.

4.95 டாலர் ஸ்டார்ட்டர் கடையில் தொடங்கி மேலே போகலாமா?

ஸ்டார்ட்டரில் இலவச லிஸ்டிங் அதே 250. கமிஷன் குறையாது. கூடுதல் லிஸ்டிங் 35 சென்டுக்குப் பதில் 30 சென்ட், அவ்வளவே. வருடச் சந்தாவின் 4.95-ஐ அந்த ஐந்து சென்டில் எடுக்க வேண்டும் என்றால் 250-க்கு மேல் 99 லிஸ்டிங் வேண்டும். அத்தனை இருந்தால் பேசிக்கே லாபம். உங்கள் பெயரில் ஒரு கடைப் பக்கம், பொருள்களை வகைபிரித்து வைக்க ஒரு இடம், இவை வேண்டும் என்றால் எடுங்கள். மிச்சம் பிடிக்க எடுக்காதீர்கள்.

அமேசானுக்கும் இதே கணக்குதானா?

பாதிதான். அங்கே தனிநபர் கணக்கில் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 99 சென்ட், புரொஃபெஷனல் கணக்கில் மாதம் 39.99. பொருள் வகைக்கான கமிஷன் இரண்டுக்கும் உண்டு. ஆக மாதம் 41 பொருள் விற்றால் புரொஃபெஷனல் லாபம். ஆனால் சந்தா விற்பனையைக் கூட்டாது என்று ஈபேயைப் பற்றி நான் முதலில் சொன்னது இங்கே பொருந்தாது. ஒரே பொருளைப் பலர் விற்கும்போது "கார்ட்டில் சேர்" பொத்தான் யார் பெயரில் நிற்கிறது என்பதில்தான் அங்கே வியாபாரம். அந்த இடத்துக்குப் போட்டியிட புரொஃபெஷனல் கணக்கு வேண்டும், விளம்பரம் கொடுக்கவும் அதுவே வேண்டும். அதனால் 20 பொருள் விற்கிறவருக்குக்கூட அது தேவைப்படலாம்.

எட்சி பிளஸ்?

கைவினைப் பொருளும் பழம்பொருளும் விற்கும் எட்சி தளத்தின் சந்தா அது. மாதம் 10 டாலர். பதிலுக்கு 15 லிஸ்டிங்குக்கான கிரெடிட், அதாவது 3 டாலர், அப்புறம் 5 டாலர் விளம்பரக் கிரெடிட். 6.5 சதவீதப் பரிவர்த்தனைக் கட்டணம் குறையாது. ஏற்கெனவே எட்சியில் விளம்பரத்துக்குச் செலவு செய்பவராக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

எனக்கு 340 லிஸ்டிங். கூடுதல் 90-க்கு 31.50 போகிறது. இனி சந்தாதானே வழி, அக்கா?

கணக்குப்படி ஆமாம். ஆனால் முதலில் அந்த 340 உண்மையிலேயே 340 தானா என்று பாருங்கள். நிலைவிலை லிஸ்டிங் விற்கும்வரை மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் இலவச எண்ணிக்கையில் ஒன்றைத் தின்னும். இரண்டு வருடமாக யாரும் தொடாத பொருளுக்கும் நீங்கள் 35 சென்ட் கட்டிக்கொண்டிருக்கலாம்.

என் பட்டன்களை அப்படித்தான் ஒருநாள் மேசையில் கொட்டிப் பார்த்தேன். ஒரே அச்சு, நான்கு துளை, பதினாலு நிறம். பதினாலு லிஸ்டிங்காகப் போட்டு வைத்திருந்தேன். நிறத்தையும் அளவையும் தேர்வாகக் கொடுக்கும் வசதியில் அது ஒரே லிஸ்டிங். எல்லாப் பிரிவிலும் அந்த வசதி கிடையாது, உங்கள் பிரிவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்ததிலும் விற்காததை எடுத்ததிலும் எண்ணிக்கை 250-க்குள் வந்தது. அதற்குப் பிறகு நான் சந்தா கட்டியது கமிஷன் வித்தியாசத்துக்காக, அதுவும் மாத விற்பனை 2,500 டாலரைத் தாண்டிய பிறகுதான்.

இந்த வார இறுதியில் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அப்போதும் 313-க்கு மேல் நின்றால் லிஸ்டிங் செலவே வருடச் சந்தாவைத் தாண்டிவிடும், தாராளமாக எடுங்கள்.