யாழ்ப்பாணத்து வீடுகளில் உள்ளூர்க் கட்டடப் பொருட்கள் பண்பாட்டோடு எப்படிக் கலந்திருந்தன?

நீங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வேலியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே வளர்ந்த எனக்கு வீடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

குடாநாட்டின் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறு இல்லை. தாராளமாகக் கிடைத்தது கல்லும் பனையும். கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து கூரை போட்டார்கள். கல் வேலையின் அழகைப் பார்க்க வேண்டுமானால் பருத்தித்துறைக்குப் போங்கள். அங்கே தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவை நடுவில் விட்டு இருபக்கமும் திண்ணை, கல் தூண்கள். போகிறவர் வருகிறவர் இருந்து இளைப்பாறக் கட்டியது.

வேலிக்கு வருவோம். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால் (வேர்பிடித்துத் தளிர்க்கும் தடி) நட்டு, பனையோலையோ கிடுகோ (பின்னிய தென்னோலை) வைத்துக் கட்டுவது. ஓலை நெடுநாள் நிற்காது, உக்கிவிடும். அதனால் வேலியடைப்பு திரும்பத் திரும்ப வரும். அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. அப்பு வெளியே நின்று குத்தூசியை, வேலி கட்டும் நீண்ட ஊசியை, ஓலைக்குள்ளால் விடுவார். நான் உள்ளே நின்று கயிற்றைக் கோர்த்துத் திருப்பித் தள்ளுவேன். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். கழற்றிய பழைய ஓலையைத் தோட்டத்தில் பசளையாகத் தாட்டுவோம்.

அப்புறம், வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போகிற அளவு இடைவெளி. கறிச்சட்டி, கடன் வாங்கிய அரிசி, ஊர்ப் புதினம் எல்லாம் அதற்குள்ளால்தான் வந்து போகும். இரண்டு வீட்டுக்கும் கோபம் என்றால் முதலில் அடைபடுவது பொட்டுதான். கோபம் ஆறினால் ஒரு நாள் காலையில் ஓலை விலகிக் கிடக்கும். யார் விலக்கியது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் கணக்கில்லாமல் தறிக்கப்பட்டன. இப்போது எங்கும் சீமெந்து மதில். எங்கள் வேலியும் மதிலாகிவிட்டது, ஓலை வெட்டவும் வேலியடைக்கவும் ஆள் கிடைப்பதில்லை. ஆனால் மதில் கட்டியபோது, பொட்டு இருந்த அதே இடத்தில் ஒரு சின்னப் படலைக்கு (வாசல் கதவுக்கு) இடம் விட வேண்டும் என்று அம்மா மேசனிடம் பிடிவாதமாக நின்றார். பக்கத்து வீட்டு மாமிக்கு எண்பது வயதாகிறது. இன்றைக்கும் அதற்குள்ளால்தான் வருகிறார், பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு.