கண்ணில் லேசர் சிகிச்சைக்குப் பின் 6/6 பார்வை வந்தும் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவது ஏன்? லாசிக், ஸ்மைல், பிஆர்கே என்று சிகிச்சை முறைக்கு முறை இது மாறுமா?

ஓரளவு மாறும். ஆனால் முறையின் பெயரைவிட உங்கள் கண்ணின் அளவுகளே முக்கியம் என்பது என் கருத்து.

6/6 என்பது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படிக்கும் திறன் மட்டும்தான். மங்கிய வெளிச்சத்தில் சாம்பல் நிறப் படிக்கட்டின் விளிம்பு தெரியுமா என்பதை அது சொல்லாது. கிட்டப்பார்வைக்கு லேசர் கார்னியாவின், அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தின், நடுப்பகுதியைத் தட்டையாக்குகிறது. திருத்தப்படும் வட்டம் பெரும்பாலும் 6 முதல் 6.5 மில்லிமீட்டர். இருட்டில் கண்மணி அதையும் தாண்டி விரிந்தால், ஓரத்தில் நுழையும் ஒளி வேறு இடத்தில் குவியும். வளையம் அப்படித்தான் வருகிறது. பவர் அதிகம் இருந்தவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியலாம். பலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும், பயப்படாதீர்கள்.

அப்புறம், கண் உலர்வு. இதைப் பலரும் பார்வையோடு சேர்த்து யோசிப்பதில்லை. லாசிக்கில் மெல்லிய மடலை வெட்டித் திறக்கும்போது கார்னியாவின் நரம்புகள் அறுபடுகின்றன; அதனால் கண் உலரலாம். கண்ணீர்ப் படலம் சீராக இல்லையென்றால், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் தெளிவு மாறும். ஸ்மைல் முறையில் மடல் கிடையாது, சிறிய கீறல்தான். உலர்வு பொதுவாகக் குறைவு. பிஆர்கேயிலும் மடல் இல்லை. ஆனால் முதல் சில நாள் வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும்.

சரி, மருத்துவரிடம் என்ன கேட்பது? இருட்டில் உங்கள் கண்மணியின் அளவு எவ்வளவு, திருத்தப்போகும் வட்டம் எவ்வளவு, கண்ணீர்ப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.